சுவருக்கு வடக்கே

போன டிசம்பரில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பன் வந்திருந்தான். வந்த அன்றைக்கே மெரினாவுக்குப் போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தான். "எவ்ளோ மணல்டா! நடந்து நடந்து கால் வலிக்குது, கடல் வந்தபாடில்ல" என்றான். அடுத்த நாள் காலையில் கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க ஏரியாவ சுத்திக் காட்டேன். சேஃபா இருக்கும்ல?" என்று கேட்டான்.

அவன் மேல் தப்பில்லை. சினிமாவில் எங்கள் பக்கம் என்றால் கேரம் போர்டு, பாக்ஸிங் கிளவ்ஸ், கத்தி, கூவத்துக்குப் பக்கத்தில் ஒரு குடிசை. இன்ஸ்டாவில் 'சென்னையில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று வரும் பட்டியல்களும் கோட்டையைத் தொட்டதும் யூ-டர்ன் போட்டுத் தெற்கே போய்விடும். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே காலேஜ் படிக்கும்போது யாராவது எந்த ஏரியா என்று கேட்டால் "பீச் ஸ்டேஷன் பக்கம்" என்று சொல்லித்தான் பழக்கம்.

அவனைக் கூட்டிக்கொண்டு ரெண்டு நாள் சுற்றினேன். அவனுக்குக் காட்டிய இடங்கள்தான் இந்தக் கட்டுரை. தெற்கிலிருந்து வடக்காக, வரைபடத்தின் வரிசையில் எழுதுகிறேன். ஆனால் மீன் வாங்க வேண்டுமென்றால் காசிமேட்டுக்கு விடிகாலையிலேயே போய்விடுங்கள்.

மாடிப் பூங்கா

பழைய ஜெயில் ரோட்டில் போனால் ஓரிடத்தில் சாலையை ஒட்டிப் பெரிய கனமான சுவர் ஒன்று வரும். மேலே மரங்கள் தெரியும். படி ஏறினால் ஒரு சின்னப் பூங்கா. மதிய நேரத்தில் லோடு ஏற்றுகிறவர்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆள்களுக்கு இது மாடிப் பூங்கா, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் நிற்பது பதினெட்டாம் நூற்றாண்டு மதராஸின் மதில் மேல்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டான். அடுத்த பிப்ரவரி வரை அது நீடித்தது. அது முடிந்த பத்து வருஷத்தில், 1769இல், ஹைதர் அலி குதிரைப்படையோடு நகர வாசலுக்கே வந்து தன் நிபந்தனைப்படி சமாதானம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். பயந்துபோன கம்பெனி, கறுப்பர் நகரத்தைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பியது. கிழக்கே கடல் இருந்தது, தெற்கே கோட்டை இருந்தது. கான்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கோடீஸ்வரர் ஆன ஆள். பிற்பாடு 1785இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் கிழித்துத் தொங்கவிட்டாரே, அதே பென்ஃபீல்ட்தான்.

மதில் கட்டிய செலவை உள்ளே குடியிருந்தவர்களிடமே வரியாக வசூலிக்க நினைத்தார்கள். அது கடைசிவரை நடக்கவில்லை. வசூலாகாத வரியின் பெயர் மட்டும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு என்று நின்றுவிட்டது. மேற்குச் சுவர் போய்விட்டது. வடக்குச் சுவரில் மிஞ்சிய துண்டுதான் இந்தப் பூங்கா.

நான் நண்பனை அங்கே நிறுத்தி, "உள்ள இருக்கறது ஊர். வெளிய இருக்கறது நாங்க" என்று வடக்கே கை காட்டினேன். சிரித்தான். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் ரெண்டு நாள் சுற்றி முடிக்கும்போது அது விளையாட்டாக இல்லை. இந்த மதிலைத் தாண்டி வடக்கே இருக்கிற ஒவ்வொன்றையும், ஊருக்குத் தேவை, ஆனால் ஊருக்குள் வேண்டாம் என்று யாரோ ஒருவர் முடிவு செய்ததன் சரித்திரமாகப் படிக்கலாம்.

கஞ்சித்தொட்டி

அதில் முதலாவது கஞ்சி.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை என் ஆயா சாகும்வரை ஸ்டான்லி என்று சொன்னதில்லை. "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்லும். சின்ன வயதில் உள்ளே கஞ்சி ஊற்றுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். உண்மையும் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

1780களின் தொடக்கத்தில், ஹைதருடன் நடந்த இன்னொரு யுத்தத்தின்போது, சுற்றுப்பட்ட கிராமங்கள் எரிந்து பஞ்சம் வந்தது. மதராஸை நோக்கி ஜனங்கள் நடந்து வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் மதிலுக்கு வெளியே ஒரு சத்திரம் உண்டானது. மணியக்காரர் சத்திரம் என்று அதற்குப் பேர். இங்கிலீஷ்காரர்கள் வாயில் அது 'மோனிகர்' ஆனது. கஞ்சிச் சத்திரம் அனாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் புகலிடமாகி, பிறகு ராயபுரம் ஆஸ்பத்திரியாகி, 1930களில் கவர்னர் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவக் கல்லூரியானது.

கவர்னர் பெயர் போர்டில் இருக்கிறது. பஞ்சத்தில் நடந்து வந்தவர்களின் ஞாபகம் ஜனங்கள் வாயில் இருக்கிறது. நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த பெயரை நம்பாமல் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருந்த ஆயாக்களை நான் வரலாற்று ஆசிரியர்கள் லிஸ்டில் சேர்ப்பேன்.

ராயப்பரின் புரம்

ராயபுரம் என்றதும் யாரோ ராயரின் ஊர் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ராயப்பர் என்பது தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பேதுருவுக்கு வைத்த பெயர். பேதுரு மீன்காரர். 1820களில் இங்கே படகோட்டிகள் தங்கள் காசில் கட்டிய கோயில் புனித ராயப்பர் ஆலயம். ஊரின் பெயரும் அந்த மீன்காரரின் பெயர்தான்.

அந்தப் படகோட்டிகள் இல்லாமல் மதராஸுக்கு யாருமே வந்து இறங்கியிருக்க முடியாது. துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டுவிடும். நடுவில் அலை. அந்த அலையில் ஆணி அடித்த படகு பிளந்துவிடும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளைத்தான் ஓட்டினார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்கும். கவர்னர் முதல் பிராந்திப் பீப்பாய் வரை எல்லாம் அந்தப் படகில்தான் கரைக்கு வந்தன. துறைமுகம் வந்ததும் அந்தத் தொழில் போனது. கோயில் மட்டும் இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ராயபுரம் ரயில் நிலையம். பெரிய தூண்கள் வைத்த, ஏதோ கிரேக்கத்துக் கட்டடம் மாதிரியான முகப்பு. 1856 ஜூன் 28ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் திறந்துவைத்தார். ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது. பம்பாயிலும் ஹவுராவிலும் இதற்கு முன்னாடியே ரயில் ஓடிவிட்டது. ஆனால் அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. அதனால் இந்தியாவில் இன்னும் நிற்கும் ரயில் நிலையங்களில் பழையது இதுதான்.

நாங்கள் போனபோது பிளாட்பாரத்தில் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு நாய் நடைமேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஆற அமர நடந்து போனது. "இந்தக் கட்டடம் வேற எங்கயாவது இருந்திருந்தா டிக்கெட் போட்டு உள்ள விட்டிருப்பானுங்க" என்றான் நண்பன். இங்கே பிளாட்பாரம் டிக்கெட் போதும்.

மேற்கு மாதா கோயில் தெருவில் இன்னொரு ஆச்சரியம் உண்டு. வாசலில் நின்று பார்க்கத்தான் முடியும். பார்சிகளின் தீக்கோயில். பிரோஜ் கிளப்வாலா என்பவர் சிறு வயதில் இறந்துபோன தன் மகன் ஜாலின் நினைவாகக் கட்டியது. 1910இல் ஏற்றிய தீ இன்றும் உள்ளே எரிகிறது. பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வியாபாரத்துக்காக வந்து தங்கிய சமூகம் அது. இன்றைக்குச் சென்னையில் எண்ணிக்கையில் மிகச் சிறியது. ஒரு தெருவில் மீன்காரர்களின் தேவாலயம், அதே அக்கம்பக்கத்தில் பாரசீகத்திலிருந்து வந்த தீ. பிள்ளையை இழந்த அப்பா ஒருவர் ஏற்றிய விளக்கு நூறு வருஷத்துக்கு மேல் அணையாமல் இருக்கிறது என்பதை வாசலில் நின்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

மழையில் ஒரு கூட்டம்

ராபின்சன் பார்க்கை இப்போது அறிஞர் அண்ணா பூங்கா என்கிறார்கள். சாயங்காலம் பசங்க கிரிக்கெட் ஆடுவார்கள், வயசானவர்கள் ரவுண்டு ரவுண்டாக நடப்பார்கள். 1949 செப்டம்பரில் இங்கே கொட்டும் மழையில் நடந்த கூட்டத்தில்தான் திராவிட முன்னேற்றக் கழகம் மக்கள் முன் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 17 பெரியாரின் பிறந்தநாள். அவரை விட்டுப் பிரிந்து வந்தவர்கள் அவர் பிறந்தநாளிலேயே கட்சி தொடங்கினார்கள். பதினெட்டே வருஷத்தில் கோட்டையைப் பிடித்தார்கள்.

பீச்சில் கூட்டம் போடவில்லை, மயிலாப்பூரில் போடவில்லை. துறைமுகத் தொழிலாளியும் ரயில்வே தொழிலாளியும் வேலை முடிந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில் போட்டார்கள். தமிழ்நாட்டு அரசியலில் உங்களுக்கு என்ன கட்சியாகவும் இருக்கட்டும், இந்தப் பூங்காவில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

மணல் போன வழி

இப்போது மெரினாவின் மணல் கதைக்கு வருகிறேன். காசிமேட்டில், ஏலம் முடிந்த நேரத்தில், ரெண்டு கிலோ சங்கராவையும் கொஞ்சம் கடம்பாவையும் கையில் வைத்துக்கொண்டு அவனுக்குச் சொன்னது.

காசிமேட்டிலிருந்து வடக்கே திருவொற்றியூர் வரை கடற்கரைச் சாலையில் போனால் உங்களுக்கு மணல் அதிகம் தென்படாது. கருங்கல் குவியல்தான் தெரியும். ஆளுயரப் பாறைகளைக் கொட்டிக் கடலைத் தடுத்திருக்கிறார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் சாலை, சாலைக்கு இந்தப் பக்கம் வீடு.

இது இப்படியே இருந்ததில்லை. நம் கிழக்குக் கரையில் அலைகள் வருஷம் முழுக்க மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். கரை என்பது நின்றுகொண்டிருக்கும் மணல் இல்லை, நடந்துகொண்டிருக்கும் மணல்.

1870களின் நடுவில் மதராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயலில் அது உடைந்தது. திரும்பக் கட்டினார்கள். அந்தச் சுவர் வடக்கே போகிற மணலை வழிமறித்தது. தெற்குப் பக்கம் மணல் சேர ஆரம்பித்தது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டு, இத்தாலியப் பெயர் வைத்தார்: மெரினா. 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியை இறக்கிச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸை, இன்றைய விவேகானந்தர் இல்லத்தை, போய்ப் பாருங்கள். உருகுவதற்குள் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று தண்ணீருக்குப் பக்கத்தில் கட்டிய கட்டடம் அது. இப்போது அதன் வாசலிலிருந்து கடலுக்கு எவ்வளவு தூரம்?

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே வர வேண்டிய மணல். அலை எங்கள் பக்கமிருந்து எடுத்துப் போவதை நிறுத்தவில்லை. வந்து சேர்வது மட்டும் நின்றுவிட்டது. வரவு இல்லாத கணக்கில் செலவு மட்டும் ஓடினால் என்ன ஆகும்? கரை போனது. கரையில் இருந்த குப்பங்கள் பின்வாங்கின. கட்டுமரம் ஏற்றி வைக்க, வலை காயப்போட, மீன் உலர்த்த இருந்த இடமெல்லாம் போனது. என் ஆயா கல்லுக்கு அந்தப் பக்கம் அலையைக் காட்டி, "அங்கதான் எங்க தெரு இருந்துச்சி" என்று சொல்லும். நான் சின்னப் பையன், கதை விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். துறைமுகத்தின் சரித்திரத்தைப் படித்த பிறகுதான் ஆயா வரைபடம் வரைந்து காட்டியிருக்கிறது என்று புரிந்தது.

நண்பன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ நேத்து நான் நடந்தது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

யாரும் திட்டம் போட்டு எங்கள் தெருவைத் திருடவில்லை. துறைமுகம் வேண்டியிருந்தது, கட்டினார்கள். எங்கள் பக்கத்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதே துறைமுகத்தில் சம்பாதித்துத்தான் சாப்பிட்டன, எங்கள் வீடு உட்பட. ஆனாலும் லாபம் ஒரு பக்கம் அழகான பீச்சாகவும், நஷ்டம் இன்னொரு பக்கம் கருங்கல்லாகவும் நிற்கும்போது, முதலாவதைப் பார்க்கிறவர்கள் ரெண்டாவதையும் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

ஒற்றியூர்

திருவொற்றியூருக்கு இப்போது மெட்ரோவிலேயே போகலாம். 2021இல் விம்கோ நகர் வரை நீட்டினார்கள். விம்கோ என்பது சாமி பெயரோ தலைவர் பெயரோ இல்லை, ஸ்வீடன்காரர்களின் தீப்பெட்டிக் கம்பெனி. இந்த ஏரியாவில் கம்பெனி பெயர்தான் ஊர்ப் பெயர். லடாக் போகிறவர்கள் உறுமிக்கொண்டு போகிற புல்லட்டின் இந்தியப் பிறப்பிடமும் இதே திருவொற்றியூர்தான். 1955இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து, ராணுவத்துக்காக இங்கே வண்டி செய்ய ஆரம்பித்தது.

ஆனால் கம்பெனிகள் வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்பே இது பெரிய ஊர். தியாகராஜ சுவாமி கோயில் தேவாரத் தலம். மூலவரான ஆதிபுரீசுவரர் மேல் வருஷம் முழுக்கக் கவசம் இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் திறப்பார்கள். அப்போது வரிசை தெருவைத் தாண்டும். சங்கிலியாரைக் கைப்பிடித்த சுந்தரர், உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, மீறிப் போய்க் கண் பார்வையை இழந்ததும் இங்கேதான். அந்த மகிழ மரத்தடிச் சத்தியத்தை இன்னும் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். கடலோரமாக நடந்தால் பட்டினத்தார் சமாதி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் கடைசியாக வந்து சேர்ந்த கரை.

எனக்கு இந்தக் கோயிலில் பிடித்தது இவர்களில் யாரும் இல்லை. கல்வெட்டில் இருக்கும் ஒரு நண்பன்.

949இல் தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரிய போர் நடந்தது. பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் யானை மேலேயே இறந்தான். அவனுக்குக் கேரளத்திலிருந்து வந்த வல்லபன் என்று ஒரு நண்பன் இருந்தான். போர் நடந்த நேரத்தில் அவன் பக்கத்தில் இல்லை. கூடச் சாக முடியவில்லையே என்ற துக்கத்தில் எல்லாவற்றையும் துறந்து கங்கைக்குப் போய்விட்டுத் திருவொற்றியூர் வந்து துறவியானான். சதுரானன பண்டிதர் என்று பெயர் பெற்று இங்கிருந்த மடத்தின் தலைவரானான். இதைச் சொல்லும் கல்வெட்டு எந்த ராஜாவின் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டிருக்கிறது தெரியுமா? மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டில். தன் நண்பனைக் கொன்ற படையின் அரசன்.

தொண்டை மண்டலம் அப்போது ஜெயித்தவன் கையில் இருந்தது. வேறு வருஷக் கணக்கு போட வழியில்லை. ஜெயித்தவனின் பெயரைத் தேதியாகப் போட்டு, தோற்றவனின் மேல் வைத்த அன்பைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனார் அந்த மனுஷன். பிறகு சோழர்கள் திரும்பி வந்தார்கள். அதே சதுரானன பண்டிதர் என்ற பட்டத்தில் வந்த ஒரு மடாதிபதி சொல்லி, ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் விமானம் எழுந்தது. யானை படுத்திருப்பதுபோலப் பின்பக்கம் வளைந்த விமானம். கட்டிய தச்சனின் பெயரையும் கல்வெட்டு சொல்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். கட்டின தொழிலாளியின் பெயரை எழுதி வைத்த ஊர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

எண்ணூர்

கடைசியாக எண்ணூர். 1949இல் அசோக் மோட்டார்ஸ் இங்கே ஆஸ்டின் கார்களைக் கோர்க்கத் தொடங்கியது. பிறகு லேலண்ட் சேர்ந்து பஸ்ஸும் லாரியும் செய்தது. நீங்கள் ஊருக்குப் போன ஏதோ ஒரு பஸ் இந்தத் தெருவைத் தாண்டித்தான் வந்திருக்கும். 1970இல் அனல் மின் நிலையம் வந்தது. 2017இல் மூடினார்கள். ஊருக்குக் கரண்ட், எண்ணூருக்குச் சாம்பல் என்று இங்கே சொல்லுவார்கள்.

இதையெல்லாம் தாண்டிப் போனால் முகத்துவாரம். கொசஸ்தலையாறும் கடலும் சந்திக்கும் இடம். அலையாத்திச் செடிகள், கொக்குகள், பின்னணியில் புகைபோக்கிகள். இடுப்பளவு தண்ணீரில் நின்று வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் பெண்களைப் பார்க்கலாம். பிடித்ததைப் போட ஒரு பறி, வாயில் கவ்வியிருப்பார்கள்.

அழகான இடம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பொய். 2017 ஜனவரியில் ரெண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து கழிமுகத்தையும் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து, ராத்திரியில் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இந்தக் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்நிலையாக இருந்தது. பின்னால் புழக்கத்தில் இருந்த வரைபடத்தில் அதன் பெரும்பகுதியைக் காணோம் என்று 2017இல் செயற்பாட்டாளர்களும் மீனவர்களும் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அந்த வருஷம்தான் டி.எம். கிருஷ்ணா இந்தச் சாம்பலுக்கு நடுவில் நின்று, கபேர் வாசுகி எழுதிய 'புறம்போக்கு' பாட்டைப் பாடினார்.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் கரையில் நின்றுகொண்டிருந்தபோது, தண்ணீரிலிருந்து ஏறி வந்த ஒரு அக்கா பறியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா தம்பி, எண்ணெயப் படம் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, சும்மா சுத்திப் பாக்க."

"சுத்திப் பாக்கவா?" அவருக்கு ஆச்சரியம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பொழுது சாயறதுக்குள்ள அந்தப் பக்கம் போங்க. பறவைங்க வந்து உக்காரும், நல்லா இருக்கும்" என்று கை காட்டினார்.

போனோம். நல்லாத்தான் இருந்தது.

நீங்களும் வாருங்கள். திருவொற்றியூரில் மெட்ரோ விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோக்காரரிடம் "எண்ணூர், முகத்துவாரம்" என்று சொன்னால் போதும். எந்த வரைபடத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருக்கு இடம் தெரியும்.